நாசோவில் விடிய விடிய ஜங்கனூ

பஹாமாஸ் பயணத்தின் செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சரி, ஜங்கனூ என்கிற ஊர்வலத்துக்குப் போகும் முன் அதிலிருந்தே தொடங்குகிறேன். தலைநகர் நாசோவில் எல்லாமே யானை விலை. பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் சம மதிப்பு, கடைகளில் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுச் சாமான்களில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவதால் ஒரு காபிக்கே பர்ஸைத் திறந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த டாக்ஸி. கிறிஸ்துமஸ் நள்ளிரவு, விடுதியிலிருந்து, ஊர்வலம் நடக்கும் பே ஸ்ட்ரீட் என்ற தெருவுக்கு. ஏறும்போது 20 டாலர் என்றவர் இறங்கும்போது ஆளுக்கு 20 என்றார். இப்போது நினைத்தாலும் எரிகிறது. மொத்தமா, ஆளுக்கா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பகலில் ஜிட்னி என்கிற மினி பஸ் போதும், இருட்டினால் அது கிடைக்காது. ஏறுகிற ஒவ்வொருவரும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குட் மார்னிங் சொல்ல, உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். காசு இறங்கும்போதுதான். நாங்களும் சொன்னோம், அதற்குப் பிறகு யாரும் எங்களை வெளியாளாகப் பார்க்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ஜங்கனூவைப் பற்றித்தான். டிசம்பர் 26 விடியும் முன்பே தொடங்கி, வெயில் ஏறும்வரை நடக்கும் ஊர்வலம். அடிமைகளாக இருந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைத்த விடுமுறையில் வளர்ந்தது என்கிறார்கள். ஓரமாக நெருப்பு மூட்டி ஆட்டுத்தோல் மேளங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், நம் ஊரில் பறையைக் காய்ச்சுவதுபோலவே இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த நிமிடம் மேளம், மாட்டுமணி, விசில், ஊதுகொம்பு எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப, நெஞ்செலும்பு அதிர்ந்தது. வேலி பாய்ஸ், சாக்சன்ஸ், ஒன் ஃபேமிலி என்று ஒவ்வொரு குழுவுக்கும் வெறிபிடித்த ரசிகர்கள். அட்டையில் கட்டி, கிரேப் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டிய ஆளுயர உடைகளை மாதக்கணக்கில் ரகசியமாகச் செய்கிறார்கள். செய்கிறவர்கள் வங்கியிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கிற சாதாரண மனிதர்கள். 2023இல் ஜங்கனூ யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததைப் பக்கத்து இருக்கை அக்கா சொன்னபோது, சொந்த வீட்டுப் பெண் பரிசு வாங்கியதுபோல அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

இது எந்தத் தெருவில் நடக்கிறது என்பது முக்கியம். பே ஸ்ட்ரீட்டில்தான் அடிமைகளை ஏலம் விட்ட கட்டடம் இருக்கிறது. 1830இல் எக்ஸூமா தீவில் எதிர்த்து நின்ற பாம்ப்பி என்ற அடிமையின் பெயரில் இப்போது அது அருங்காட்சியகம். அடிமைமுறை போன பிறகும் இந்தத் தெருவின் வெள்ளை வியாபாரிகளே நாட்டை ஆண்டார்கள், கறுப்பர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 1958இல் பொது வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்ததே டாக்ஸி ஓட்டுநர்களின் போராட்டம்தான் என்று தெரிந்தபோது, அந்த ஆளை மன்னிக்கவில்லை என்றாலும் அவருடைய தொழில்மீது மரியாதை வந்தது. 1967 ஜனவரி 10இல் கறுப்பர்களின் பெரும்பான்மை ஆட்சி, லிண்டன் பிண்ட்லிங் என்ற கறுப்பினத் தலைவரின் தலைமையில். 1973 ஜூலை 10இல் சுதந்திரம். கப்பலில் வந்து இறங்கி, அதே தெருவில் வரியில்லாக் கடையில் கைக்கடிகாரம் வாங்கி, மாலையே திரும்பிப் போய் பஹாமாஸ் பார்த்தாயிற்று என்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது.

சாப்பாட்டுக்கு, மீன் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் அரவாக் கே போங்கள். உயிரோடிருக்கும் சங்கை உடைத்து, சதையைக் கண்முன்னே பொடியாக நறுக்கி, வெங்காயம், தக்காளி, மிளகாய் போட்டு, எலுமிச்சையும் ஆரஞ்சும் பிழிந்து தருகிறார்கள். பச்சைச் சதைதான், தயங்க வேண்டாம். 18 டாலர் கொடுத்தேன், ஒரு சென்ட்கூட வீணில்லை. விடுதியில் பொரித்துக் கொடுத்தது ரப்பர்.

டிசம்பர் கடைசியில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் கண்டபடி ஏறுகின்றன. கையில் காசு குறைவென்றால் அறையைச் சின்னதாகப் பிடித்து, மிச்சத்தில் பே ஸ்ட்ரீட் இருக்கைக்கு டிக்கெட் வாங்குங்கள். 26ஐத் தவறவிட்டால் புத்தாண்டன்று இன்னொரு ஊர்வலம் இருக்கிறது.