புது பேட்டரி போட்டும் எடுக்காத செல்ஃப்

சாவியைத் திருப்பினால் சில நாள் உடனே உறுமும். சில நாள் ஒரே ஒரு ‘டக்’, அதோடு சரி. நான்கு மாதமாக எங்கள் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி, இப்படித்தான் கண்ணாமூச்சி காட்டியது. டீசல் எஞ்சின், 12 வோல்ட் அமைப்பு, நிறுத்தி வைக்கும் நாள்கள் அதிகம், ஓட்டும் நாள்கள் குறைவு.

எல்லோரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன்: 95 ஆம்பியர்-அவர் புது பேட்டரி. மூன்று வாரம் ஒழுங்காக எடுத்தது. பிறகு அதே ‘டக்’. பழையதை அதற்குள் கொடுத்துவிட்டிருந்தேன். அதன்மீது குற்றமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

“உள்ளே விளக்கு நன்றாகத்தானே எரிகிறது, பேட்டரி எப்படிப் போயிருக்கும்?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளக்கு வேறு வீட்டுச் சோறு சாப்பிடுகிறது. இந்த வண்டிகளில் பேட்டரி இரண்டு. எஞ்சின் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவது அதன் வேலை. விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் தடித்த தகடுகள் கொண்ட இன்னொரு பேட்டரியில், ‘வீட்டு பேட்டரி’யில், ஓடும். எஞ்சின் ஓடும்போது ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இரண்டையும் இணைத்து, எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றும். எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். கூரைமேல் இருக்கும் சோலார் தகடும் எங்கள் வண்டியில் வீட்டு பேட்டரிக்கு மட்டும்தான். எஞ்சின் பேட்டரிக்கு ஓட்டினால்தான் உணவு.

அந்த ரிலே ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று ஒரு முழு நாள் சந்தேகப்பட்டேன். எஞ்சினை நிறுத்தி இரண்டு பேட்டரியையும் அளந்தேன்: ஒன்றில் 12.62 வோல்ட், மற்றதில் 12.84. இணைந்திருந்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டியிருக்க வேண்டும். ரிலே பாவம், விட்டுவிட்டேன். எஞ்சின் ஓடும்போது 14.3 வந்தது, ஆல்டர்னேட்டரும் நலம்.

ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரி ஏறக்குறைய நிறைந்த பேட்டரி. (ஏற்றிய கையோடு அளந்தால் மேலோட்டமான மின்னழுத்தம் ஏமாற்றும், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் அளந்தேன்.) பிறகு ஏன் செல்ஃப் எடுக்கவில்லை? இங்கேதான் நான்கு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன். வண்டி சும்மா நிற்கும்போதே அளந்துகொண்டிருந்தேன்; செல்ஃப் அடிக்கும்போது ஒருமுறைகூட அளக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். நல்லவேளையாக அன்று மோசமாகவே சுற்றியது. பேட்டரி முனைகளில் 10.9 வோல்ட். செல்ஃப் மோட்டாரின் பெரிய முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 8.6. நடுவில் 2.3 வோல்ட் எங்கே போயிற்று? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டார் வரை அளந்தால் 0.25. அந்த அளவு இருக்கத்தான் செய்யும். நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் உடல் வரை அளந்தேன்: 2.05. அங்கே 0.2-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். இது பத்து மடங்கு.

உறுதிப்படுத்த, ஜம்ப் கேபிளின் ஒரே ஒரு கம்பியை நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சினின் வெற்று உலோகத்துக்குப் பிடித்தோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் துள்ளி எழுந்தது. இன்னொரு வண்டி இல்லை, இன்னொரு பேட்டரி இல்லை, ஒரு கம்பிதான்!

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸிலிருந்து (வண்டியின் அடிச்சட்டம்) எஞ்சினோடு சேர்ந்த கியர்பாக்ஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை களிம்பேறிப் பச்சையாக இருந்தது. மோட்டாரின் மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி அதுதான். போல்ட்டுக்கு அடியில் துரு. பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, புதுப் பட்டை வாங்கி, இரண்டு இடத்திலும் உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து முறுக்கினேன். மேலே கிரீஸ். நெகட்டிவ் பக்க இழப்பு 0.12 ஆனது. பேட்டரி முனைகளிலோ 10.9-க்குப் பதில் 10.4! குறைந்துவிட்டதே என்று ஒரு கணம் திகைத்தேன். தடை போனதால் மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை இப்போதுதான் முழுதாக இழுக்கிறது. பேட்டரி சற்றுக் கூடுதலாகத் தாழ்கிறது. 9.6-க்குக் கீழே போகாதவரை கவலையில்லை.

கதை அதோடு முடியவில்லை. பதினைந்து நாள் நிறுத்திவிட்டு வந்தபோது வேகமாக ‘டகடகடக’. முந்தைய ஒற்றை ‘டக்’ வேறு, இது வேறு. இது மின்னழுத்தம் இல்லாததன் சத்தம்; அளந்தால் 11.9. யாரோ மெல்ல உறிஞ்சுகிறார்கள்.

நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை இடையில் கோத்தேன். இப்படி வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கக் கூடாது என்பது தெரியும். நினைவில் இல்லாமல்போனது மின்சாரத்தில் நீளும் வாசல்படி. மனைவி கதவைத் திறந்தாள், படி வெளியே நீண்டது, மீட்டருக்குள்ளிருந்த 10 ஆம்பியர் பியூஸ் உயிரை விட்டது. யார்மீதும் கோபப்பட வழியில்லை. சொல்லி வைக்காதது நான்.

அடுத்த முறை கதவுகளைப் பூட்டி, மின்னணுப் பெட்டிகள் தூங்கட்டும் என்று 40 நிமிடம் காத்திருந்தேன். 210 மில்லியாம்பியர். சாதாரணமாக 50-க்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 ஆம்பியர்-அவர் என்றால், பத்தே நாளில் பாதி பேட்டரி காலி. அப்படிக் காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

பியூஸ்களைப் பிடுங்கினால் தூங்கும் பெட்டிகள் விழித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளந்தேன்; மின்னோட்டம் பாயாத பியூஸ் பூஜ்யம் காட்டும். ஒரே ஒரு 10 ஆம்பியர் பியூஸ் 1.3 காட்டியது. அதன் கம்பியைத் தொடர்ந்து போனால் ரேடியோ. முந்தைய உரிமையாளர் பொருத்தியது. சாவியோடு அணைய வேண்டிய கம்பியையும் நேரடி மின்சாரத்தில் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். திரை இருட்டாக இருந்தாலும் உள்ளே அது தூங்கவே இல்லை.

கம்பியை இடம் மாற்றியதும் 35 மில்லியாம்பியர். அது அலாரத்தின் பங்கு, விட்டுவிட்டேன். 21 நாள் நிறுத்தி வைத்துவிட்டு நேற்று அளந்தபோது 12.51. முதல் திருப்பிலேயே எடுத்தது. ரேடியோவில் நான் சேமித்து வைத்திருந்த அலைவரிசைகள் மட்டும் காணவில்லை. நினைவகத்துக்கு எப்போதும் மின்சாரம் தரும் மஞ்சள் கம்பியையும் சாவியோடு அணையும் சிவப்புக் கம்பியையும் மாற்றி இணைத்திருக்கிறேன் போலிருக்கிறது. இந்த வாரக் கடைசியில் டேஷ்போர்டை மறுபடி கழற்ற வேண்டும்.