ஜாவாவின் குரோமும் வேலூர்த் துருவும்

பழைய வண்டியின் குரோம் பாகத்தில் துருவைக் கண்டதும், "கழட்டிக் குடுங்க சார், புதுசா பிளேட்டிங் போட்டுடலாம்" என்று சொல்லாத மெக்கானிக்கை வேலூரில் நான் இன்னும் சந்திக்கவில்லை. பெரியப்பாவிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்த ஜாவா 250 மோட்டார் சைக்கிள், 1960களில் மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவான வண்டி. டேங்கின் இரு பக்கங்களிலும், ஹெட்லைட் வளையத்திலும், ஹேண்டில்பாரிலும், இரட்டைச் சைலன்சர்களிலும், ரிம்களிலும் குரோம் மின்ன வேண்டிய அந்த வண்டியில், மின்ன வேண்டிய இடமெல்லாம் பழுப்பாக இருந்தது. அவற்றில் பெரும்பகுதியைப் பட்டறைக்கு அனுப்பாமல் வீட்டுத் தாழ்வாரத்திலேயே மீட்க முடிந்தது. எது மீளும், எது மீளாது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி.

நாம் காணும் பளபளப்பில் குரோமியத்தின் பங்கு மிகச் சிறியது. அலங்காரப் பூச்சில் குரோமியப் படலம் பெரும்பாலும் 0.5 மைக்ரானுக்குள்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதன் அடியில் 10 முதல் 30 மைக்ரான் வரை நிக்கல் இருக்கும். சில பாகங்களில் அதற்கும் அடியில் செம்பு இருக்கும். இரும்பைக் காப்பது நிக்கல். அந்த நிக்கல் மங்காமலும் கீறாமலும் காப்பது குரோமியம். குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இயல்பாகவே உண்டு. அவற்றின் வழியே இறங்கும் ஈரம் நிக்கலில் துளையிட்டு இரும்பைத் தொடும்போது துரு பிறக்கிறது. பிறந்த துரு வந்த வழியே மேலேறிக் குரோமின் மேல் படர்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிப் பழுப்பு வளையமும் தெரியும். புள்ளி உண்மையான சேதம்; வளையம் வெறும் கறை. வளையத்தின் அடியில் குரோம் நலமாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது முழுதும் போய்விட்டதாகத் தோன்றும் பாகம் உண்மையில் பத்தில் ஒரு பங்குகூடப் போயிருக்காது.

சென்னையைப் போல இங்கே கடற்காற்று கிடையாது. சித்திரை வெயிலில் எதுவும் ஈரமாக நிற்பதும் இல்லை. இருந்தும் குரோம் துருப்பிடிக்க முக்கியக் காரணம், நாம் வண்டி கழுவும் தண்ணீர். பாலாற்றுப் படுகையை ஒட்டிய பல ஊர்களில் போர்வெல் நீர் உப்பாக இருக்கும். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் அந்த விரிசல்களிலேயே தங்கும். ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் வரும்போது அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேலே தார்ப்பாயைப் போட்டு இறுகக் கட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகையால் கடைசி அலசலுக்கு மழைநீரையோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையோதான் பயன்படுத்துகிறேன்.

முதலில் டீசலில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குரோம் லேசான நீலச் சாயலில் இருக்கும். மஞ்சள் சாயலாகத் தெரியும் இடத்தில் குரோம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்துவிட்டது என்று பொருள். விரல் நகத்தை ஓட்டினால் விளிம்பு தடுக்கும் இடத்தில் பூச்சு உரிந்துவிட்டது. கொப்புளம்போல் எழும்பிய இடத்திலும் அதே கதைதான். அந்த இடங்களை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, தேய்க்கத் தேய்க்க உரிதல்தான் பெருகும். மஞ்சளும் உரிதலும் இல்லாமல் பழுப்பு மட்டும் இருக்கும் பாகமே வீட்டில் மீட்கக்கூடியது.

அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் அலுமினியம் ஃபாயில் போதும். உள்ளங்கை அளவுத் துண்டைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் தோய்த்து, அதிகம் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். குரோமியம் மிகக் கடினமான உலோகம், அலுமினியம் மிக மென்மையானது. எனவே குரோமில் கீறல் விழாது. ஹெட்லைட் வளையத்தில் தேய்த்தபோது தண்ணீர் முதலில் பழுப்பாகவும், பிறகு சாம்பல் கலந்த கறுப்புக் குழம்பாகவும் மாறியது. உருண்டையின் கரகரப்பு மெல்ல அடங்கி, துண்டு வழுக்கத் தொடங்கிய இடத்தில் துடைத்துப் பார்த்தால் எதிர்ச்சுவரின் ஜன்னல் கம்பிகள் தெளிவாகத் தெரிந்தன. உருண்டை தட்டையானதும் அதை மாற்றிவிட வேண்டும், தண்ணீர் வற்றவே கூடாது. ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தில் வந்த ஃபாயிலைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று வீட்டில் கேட்டார்கள். குரோமுக்கு மசாலா உப்பு ஆகாது என்று சொல்லிப் புதுச் சுருள் வாங்கினேன்.

பாத்திரம் விளக்கும் பொடியும் பச்சை நாரும் கீறும். பித்தளைக் குடத்துக்குப் புளியும் உப்பும் எவ்வளவு நல்லதோ, துளை விழுந்த குரோமுக்கு அந்த உப்பு அவ்வளவு கெடுதல். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை வாசலுக்கே கொண்டுவரக் கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பட்டறைகளில் பழைய குரோமைக் கரைத்து எடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கைக்கு எட்டாத வளைவுகளுக்கும் போல்ட் தலைகளுக்கும் ஆக்சாலிக் அமிலம் உதவும். தோல் பதனிடும் தொழிலில் இரும்புக் கறையை நீக்கவும் இது பயன்படுவதால், நம் பகுதியின் கெமிக்கல் கடைகளில் பொடியாக எளிதில் கிடைக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 25 கிராம் கரைத்து, பாகத்தை ஊறவைத்து, அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஊறினால் மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு ஒட்டிக்கொண்டு வேலையை இரட்டிப்பாக்கும். இது விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது, சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. மீந்த கரைசலில் சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் கரையாத வண்டலாக அடியில் இறங்கிவிடும்.

சைலன்சரின் முன் குழாயில் தெரியும் நீலமும் தங்க நிறமும் துரு அல்ல. சூட்டில் உருவான ஆக்சைடு படலம். அதைப் போக்க முயல்வதைவிட, இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. கிக்கருக்கும் கியருக்கும் பொதுவான அந்த ஒற்றை லீவரின் நுனியில் குரோம் தேய்ந்து நிக்கல் தெரிகிறது. அது பெரியப்பாவின் செருப்பு தேய்த்த தேய்வு. அதை நான் தொடவில்லை.

ஹேண்டில்பாரில் பூச்சு உரிந்திருந்ததால் அதை மட்டும் பிளேட்டிங்குக்குக் கொடுத்தேன். பழைய பூச்சை நீக்கி, இரும்பைச் சுழலும் துணிச் சக்கரத்தில் பஃப் செய்து மெருகேற்றி, நிக்கல் தொட்டியில் நீண்ட நேரமும் குரோம் தொட்டியில் சில நிமிடங்களும் வைப்பதுதான் முறை. செலவைக் குறைப்பவர்கள் கைவைப்பது நிக்கல் நேரத்தில்தான். நேரத்தைக் குறைத்த பாகமும் குறைக்காத பாகமும் எடுத்த அன்று ஒன்றுபோலவே மின்னும், அடுத்த மழைக்காலத்தில்தான் வித்தியாசம் தெரியும். பஃபிங் சக்கரம் விளிம்புகளை மழுக்கிவிடும், பொறித்த எழுத்துகளையும் அழித்துவிடும். ஸ்ப்ரிங் போன்ற கடின எஃகுப் பாகங்கள் அமிலத்திலும் பூச்சிலும் ஹைட்ரஜனை உள்ளிழுத்து நொறுங்கும் தன்மை அடையலாம் என்பதால், முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தத் தெரியாத இடத்தில் அவற்றைக் கொடுக்கக் கூடாது.

நான் பிளேட்டிங்கைத் தவிர்ப்பதற்கு ஊர்க்காரனாக இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட, புற்றுநோய் விளைவிக்கும் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலை அதே வகைக் குரோமியத்தைத்தான் நிலத்தடி நீரில் கசியவிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் பட்டறையா என்று விசாரித்த பிறகே ஹேண்டில்பாரை ஒப்படைத்தேன்.

டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை ஃபாயில் அழித்துவிடும் என்பதால், அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். டேங்கின் பக்கங்களில் முழங்கால் ஒட்டும் ரப்பர் பட்டைகளைக் கழற்றினால், தண்ணீர் தேங்கி நின்ற அடிப்பக்கத்தில்தான் துரு மிகுதியாக இருக்கும். சுத்தமான பாகங்களுக்கு மெழுகுப் பூச்சும், ரப்பருக்குப் பின்னால் மெல்லிய கிரீஸும் தடவியிருக்கிறேன். கரும்புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, மெழுகு இருக்கும் வரை அவை வளராது. பின் ரிம்மை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வெளியே குரோம் ஓரளவு மின்னினாலும், ஸ்போக் துளைகளைச் சுற்றி உள்பக்க இரும்பு செதிலாக உதிர்கிறது. அதில் தேய்க்கவோ பூசவோ ஒன்றுமில்லை. புது ரிம் வாங்கி, ஸ்போக் கோத்து, கோட்டம் எடுத்த பிறகுதான் வண்டி சாலைக்கு வரும்.