அக்காவுக்குக் கேட்ட பயிற்சி எனக்குக் கேட்கவில்லை

எனக்கும் அக்காவுக்கும் ஒரே எலும்பு டாக்டர், ஒரே மூட்டுத் தேய்மானம், கையில் கொடுத்ததும் ஒரே பயிற்சித் தாள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை மடக்காமல் தூக்குவது, முன்தொடையை வலுவாக்கும் அந்த வழக்கமான சமாச்சாரங்கள்தான். சில மாதங்களில் அக்கா ஸ்ரீரங்கத்தில் பிரகாரம் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வலி இம்மியும் குறையவில்லை. "நீ ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டே" என்றாள். கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை.

அப்புறம் வேறொரு ஃபிசியோவிடம் போனேன். அவர் முதலில் என்னைப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். முட்டிகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்பா வழி வந்த வளைந்த கால். அக்காவுக்கு அம்மாவின் நேரான கால். நடக்கும்போது யாருக்குமே முழங்காலின் உள்பக்கம்தான் கூடுதல் பாரம் இறங்கும். கால் வெளியே வளைந்திருந்தால் அது இன்னும் கூடும். தொடையை எவ்வளவு முறுக்கேற்றினாலும் வளைவு நிமிராதே.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2008-ல் வந்த ஆய்வு: 107 பேர், 12 வாரம், முன்தொடைப் பயிற்சி. கால் நேராக இருந்தவர்களுக்கு வலி குறைந்தது; வளைந்தவர்களுக்குச் சொல்லும்படி குறையவில்லை. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சரி, அது போதும்.

2010-ல் அங்கேயே வளைந்த காலுள்ளவர்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். முட்டியில் இறங்கும் பாரம் மாறவில்லை, ஆனாலும் வலி குறைந்தது. எனக்கும் இப்போது அதுதான்: ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. சுலபம் என்று நினைக்காதீர்கள். கால் கொஞ்சம் முன்னால் போனாலும் வேலை தொடைக்குப் போய்விடும், பக்கவாட்டு இடுப்பு சும்மா இருக்கும். முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்து, குதிகால் சுவரை உரசும்படி தூக்கச் சொன்னார் ஃபிசியோ. அப்போதுதான் இடுப்பில் சுரீரென்றது.

நாற்காலியிலிருந்து எழுவதையும் திருத்தினார். பாதங்களை உள்ளே இழுத்து, உடம்பை நன்றாக முன்னால் சாய்த்து எழுந்தால் இடுப்பும் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். விறைப்பாக எழுந்தால் எல்லாம் முட்டி தலையில்.

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் மாற்றித்தான் ஊன்றுகிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது.