மீசான் கல் இல்லாத இடத்திலும் கபுர் இருக்கும்

பழைய இடுகாட்டில் கட்டடம் எழும்பும்போது வெடிக்கிற தகராறு, பெரும்பாலும் மண்வெட்டி படுவதற்கு முன்பே, ஆவணம் பார்க்கிற மேசையில் தொடங்கிவிடுகிறது. மேலே கபுரின் (முஸ்லிம் கல்லறையின்) அடையாளமாக நடும் மீசான் கல் இல்லை, சிலுவை இல்லை. ஆகவே கீழேயும் ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

நியூயார்க்கில் 1991ல் அரசு அலுவலகம் கட்டத் தோண்டிய இடம், 1755ஆம் ஆண்டு வரைபடத்திலேயே ஆப்பிரிக்கர்களின் இடுகாடாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிற்காலக் கட்டடங்களின் நிலவறைகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய மண்ணோ உடல்களை 16 முதல் 25 அடி ஆழத்தில் பத்திரமாக மூடி வைத்திருந்தது. 400க்கும் அதிகமானோரை வெளியே எடுத்தாயிற்று. வேலை 1992ல் நின்றது. மறுபடி அடக்கம் செய்ய 2003 ஆயிற்று.

எருசலேமின் மாமில்லா மையவாடியில் (முஸ்லிம் இடுகாட்டில்) ஒரு பகுதி 1960களில் வாகன நிறுத்துமிடமானது. அங்கே அருங்காட்சியகம் கட்டக் கூடாதென்று வழக்குப் போனபோது, இத்தனை வருஷம் வண்டி நின்றதே என்பதும் எதிர்வாதமாக வந்தது. 2008ல் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஆனால் தார் போட்டதால் கபுர் மறைந்துபோவதில்லை. பல இடங்களில் தார்தான் அதைக் காப்பாற்றுகிற மூடி.

தரை ஊடுருவும் ரேடார் எலும்பைக் காட்டாது. கலைந்த மண்ணையும் வெற்றிடத்தையும்தான் காட்டும். ஈரக் களிமண்ணில் அதுவும் மங்கிவிடும். சோதனைக் குழி போடாமல் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போடக் கூடாது. இயந்திரத்துக்குப் பல் இல்லாத அகல வாளி மாட்டி, ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும் சீவ வேண்டும். புதைகுழி இருந்தால் சுற்றுமண்ணிலிருந்து நிறம் மாறி, தளர்ந்து, நீளவாக்கில் ஒரு கறை தெரியும். மண் காய்ந்துவிட்டால் கறை ஒளிந்துகொள்ளும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் திரும்பி வரும்.

இனி கைவேலை. முஸ்லிம் அடக்கங்களில், குழியின் பக்கச் சுவரைக் குடைந்து உடலை வைக்கிற லஹது முறை தெரியாதவர் ஏமாந்துபோவார். குழியின் நடுவே தோண்டி அடிமண் வரை போய், காலி என்று பதிவு செய்வார். உடலோ கிப்லா (தொழும்போது முகம் நோக்கும் மக்கா திசை) பக்கச் சுவரில் குடைந்த பொந்துக்குள், வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும். அந்தச் சுவரைத் தட்டி, மண் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். இன்னொன்று: மனிதனின் 206 எலும்புகளில் 106 கைகளிலும் பாதங்களிலும் இருப்பவை. அந்தப் பகுதி மண்ணைச் சலிக்காமல் கொட்டினால், அடக்கம் செய்தவரில் ஒரு பங்கு குப்பை லாரியில் போய்விடும். இது சிறிய தவறே அல்ல. எடுத்த எலும்பை வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் மெதுவாக உலர வேண்டும்.

எலும்பைத் தொடாமல் மேலே கட்டலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் ‘பைல் (துளையிட்டு ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) தானே, சேதம் குறைவு’ என்பதை அப்படியே நம்ப முடியாது. 600 மி.மீ. துளையில் எது நொறுங்கியது என்று யாருக்கும் தெரியாது. பெரிய சேதம் கடைசியில் வரும்: கழிவுநீர்க் குழாய், கேபிள், மழைநீர் வடிகால். அஸ்திவார வரைபடத்தைக் காட்டி ஜமாஅத்திடமோ திருச்சபையிடமோ சம்மதம் வாங்கியிருப்பார்கள்; ஆறு மாதம் கழித்து ஒன்றரை மீட்டர் ஆழக் கால்வாய் கபுர் வரிசையின் குறுக்கே போகும். குழாய், கேபிள் வரைபடமெல்லாம் தயாரான பிறகே அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.