சூரிய விளிம்பில் சிவப்பு, முகத்தில் கறுப்பு

சூரியனின் விளிம்பில் சிவப்பு வளைவாக எழுந்து நிற்கும் புரொமினன்ஸும், அதன் முகத்தில் கறுப்பு நூலாகத் தெரியும் பிலமெண்டும் ஒரே வாயுத் திரள்தான். விளிம்பில் இருண்ட வான்வெளி பின்னணியாக இருப்பதால் ஒளிர்கிறது. முகத்தில் வந்ததும் கீழிருந்து வரும் ஒளியை உறிஞ்சிக் கறுக்கிறது. சூரியன் சுழலச் சுழல ஒன்று மற்றதாக மாறும். வானத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி இல்லை.

சரி, அது எப்படி விழாமல் நிற்கிறது? சுற்றியுள்ள கொரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம், பத்து இலட்சம் பாகைக்கு மேல் கொதிக்கிறது. இந்த வாயுவோ பத்தாயிரம் பாகை அளவில்தான் இருக்கிறது. அடர்த்தியும் சுமார் நூறு மடங்கு. ஈர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் காந்தப்புலக் கோடுகள் ஏணை மாதிரித் தொய்ந்து அதைத் தாங்குகின்றன, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். அந்தப் புலம் நிலைகுலைந்தால் மொத்த வாயுவும் விண்வெளிக்குள் வீசப்படலாம்.

1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தின்போது இன்றைய ஆந்திராவின் குண்டூரில் இவற்றின் நிறமாலையை (ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து விழும் பட்டை) பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் (Janssen), மறுநாள் கிரகணம் இல்லாமலே மீண்டும் பார்த்துவிட்டார்! நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலில் 1912 முதல் ஐதரசன்-ஆல்பாவில், அதாவது ஐதரசன் வாயு விடும் சிவப்பொளியில், படங்கள் எடுத்திருக்கிறார்கள்.

கொழும்பில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: கிரகணக் கண்ணாடியில் இது தெரியாது. 656.28 நானோமீற்றர் சிவப்பொளியை மட்டும் விடும் ஐதரசன்-ஆல்பா தொலைநோக்கி வேண்டும். உரிய வடிகட்டி இல்லாமல் எந்தத் தொலைநோக்கியையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், கண் போய்விடும். முகில் மூடிய நாட்களில் உலகின் பல இடங்களிலிருந்து சூரியனைக் கண்காணிக்கும் கோங் (GONG) தொலைநோக்கி வலையமைப்பின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.