தீவைப் பற்றிய கேள்வியும் மடியைப் பற்றிய பதிலும்

2024 மார்ச் கடைசியில், நாடாளுமன்றத் தேர்தல் பரப்புரைக்கு நடுவே கச்சத்தீவு திடீரென்று தலைப்புச் செய்தியானபோது, ஒரு தொலைக்காட்சியிலிருந்து என்னை அழைத்தார்கள். பாக் விரிகுடா மீனவர்களைப் பற்றிச் சில ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறவன் என்று யாரோ என் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். "கச்சத்தீவை மீட்க முடியுமா, முடியாதா? ஒரே வரியில் சொல்லுங்கள் சார்" என்றார் அந்த இளைஞர். முதலில் இழுவைமடியை, அதாவது விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று தொடங்கினேன். பிறகு அழைப்பதாக மரியாதையாகவே சொல்லி வைத்துவிட்டார்.

தீவின் பரப்பு 285 ஏக்கர்தான். தீவை இலங்கையின் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தம், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அங்கு சென்றுவரலாம் என்கிறது. 1976 மார்ச்சில் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ ஒரு நாட்டின் படகுகள் அனுமதியின்றி மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. நாளையே தீவு இந்தியாவின் வசமானாலும், இறால் தேடி நம் விசைப்படகுகள் போகிற கடல் அதற்கும் அப்பால், இலங்கையின் வட கரையை ஒட்டித்தான் கிடக்கிறது.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆம்ஸ்டர்டாமிலும் உள்ள ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருவதன் சாரம் இது: பாக் விரிகுடாவில் நடப்பதை இரண்டு நாடுகளின் சண்டையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், ஏனென்றால் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடிக்கும் சிறு படகுக்காரரின் வலைக்கும் இடையிலான மோதலே அதன் அடியில் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கையின் வட பகுதி மீனவர்கள் கடலுக்குப் போக முடியாதிருந்தபோது நம் படகுகள் அங்கே பழகின. 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தபோது, இரவில் விரித்த வலை விடிகாலையில் அறுந்து கிடந்தது. இருபக்கமும் பேசுவது தமிழ் என்பதை நம் விவாத மேடைகள் வசதியாக மறந்துவிடுகின்றன. இதே மோதல் ராமேஸ்வரத்துக்குள்ளும் உண்டு. வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரே துறையில் நாள் பிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்த ஆய்வுகள் டெல்லியை எட்டவேயில்லை என்று சொல்ல மாட்டேன். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் பேசி வெளியிட்ட கூட்டறிக்கை, இழுவைமடி முறையைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுகிறது. 2017இல் இலங்கை அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா, 3 ஆண்டுகளில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரை மீனுக்குத் தூண்டில் போடும் தொழிலுக்கு எப்படி மாறுவார் என்பது கொள்கை வகுத்தவர்களின் கணக்கில் முழுமையாக இடம்பெறவில்லை. ஆய்வின் முடிவை எடுத்துக்கொண்டு, அதன் நிபந்தனைகளை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது. நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில், சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களில்; அது அச்சாகி வருவதற்குள் அமைச்சரும் செயலரும் மாறியிருப்பார்கள். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு, என் ஆய்வை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் எனக்குப் பழக்கமான ஒரு படகோட்டியிடம் கொடுத்தேன். அவர் வலைகள் உலரும் மணலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக, முழுவதையும் படித்தார். "படகை எல்லாம் எண்ணியிருக்கீங்க சார். கூலிக்குப் போறவன் முதலாளிகிட்ட வாங்கின முன்பணத்தை எங்கே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். அது என் கேள்விப்பட்டியலிலேயே இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாள்களில், மறுபடியும் அங்கே போய் வீடு வீடாக அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.