பெட்டிக்குள் 0.6 விநாடி எடையின்மை: செய்து பார்த்தது

விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்கு எடை இல்லை என்று எல்லாரும் படித்திருப்போம். அதை ஒரு வரைபடக் கோடாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கையில் இருந்தவை ஒரு பழைய ஸ்மார்ட்போன், அட்டைப்பெட்டிகள், பஞ்சு, நூல், கீழே விரிக்க ஒரு மெத்தை. போனின் சென்சார் அளப்பதைக் கோடாக வரைந்து காட்டும் செயலிக்கு ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம்.

செயலியில் முடுக்கத்துக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. புவியீர்ப்பைக் கழித்துக் காட்டுவது ஒன்று, கழிக்காமல் காட்டுவது இன்னொன்று. நமக்கு வேண்டியது கழிக்காதது. அதில் மேசைமேல் சும்மா கிடக்கும் போன் 9.8 மீ/வி² காட்டும். அசையாத பொருளுக்கு ஏது முடுக்கம் என்று கேட்டால், விஷயமே அங்குதான் இருக்கிறது. முடுக்கத்தை அளக்கும் சென்சாருக்குள் ஸ்பிரிங்போன்ற மெல்லிய இழைகளில் ஒரு நுண்ணிய சிலிக்கான் துண்டு தொங்குகிறது. புவி அந்தத் துண்டையும் அதைச் சுற்றியுள்ள போனையும் ஒரேபோல இழுப்பதால், அந்த இழுப்பைச் சென்சாரால் தனியே உணர முடியாது. மேசை போனைத் தாங்குகிறதே, அந்தத் தாங்கலைத்தான் அது அளக்கிறது. எடை இயந்திரமும் இதே ரகம். லிஃப்ட் கிளம்பும்போது அதன்மேல் நின்று பார்த்தால் தெரியும்: மேல்நோக்கிய முடுக்கம் 1 மீ/வி² என்றால் 60 கிலோ ஆள் 66 கிலோ காட்டுவார். புவியின் இழுப்பில் எந்த மாற்றமும் இல்லை, தரை தாங்குவதுதான் கூடியிருக்கிறது.

ஆகவே தாங்குவதை முற்றிலும் எடுத்துவிட்டால் எண் சுழியமாக வேண்டும். போனைப் பஞ்சு நிரப்பிய பெட்டியில் வைத்து 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டேன். கணக்குப்படி விழும் நேரம் 0.64 விநாடி. விட்ட கணத்தில் 9.8-இல் இருந்த கோடு செங்குத்தாகச் சரிந்தது, மெத்தையில் பட்டதும் எகிறியது. இடைப்பட்ட பள்ளத்தின் அகலமும் ஏறக்குறைய 0.6 விநாடி.

ஆனால் பள்ளத்தின் அடி சுழியத்தைத் தொடவில்லை. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு காரணங்கள் ஒளிந்திருந்தன.

சில முறை கோடு தொடக்கத்திலிருந்தே சற்று உயரத்தில் சமமாக ஓடியது. அப்போதெல்லாம் பெட்டி சுழன்றபடி விழுந்திருந்தது. சென்சார் இருப்பது போனின் நடுவில் அல்ல, ஓரத்தில். சுழலும் பொருளின் நிறைமையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி அது இருந்து, பெட்டி விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், மையநோக்கு முடுக்கமே கிட்டத்தட்ட 2 மீ/வி² வந்துவிடும். கையால் விட்டால் ஏதோ ஒரு விரல் கடைசியாகத் தட்டத்தான் செய்கிறது. பெட்டியை நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றபின் நூலை வெட்டியதும் இது அடங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் காற்று. சுழற்சி போனபின்பும் கோடு சுழியத்தருகே தொடங்கி, விழ விழ மெல்ல மேலேறியது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை கூடுகிறது. அகலமான, கனமில்லாத பெட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை. காற்று கீழிருந்து தாங்குகிறது, அந்த அளவுக்குப் பெட்டிக்கு எடை திரும்புகிறது.

பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும் இதே தலைவலிதான். ஜெர்மனியின் பிரெமன் நகரில் 146 மீட்டர் உயர விழுகோபுரம் ஒன்று உண்டு. அதன் உள்ளே 110 மீட்டர் குழாயிலிருந்து காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டு, சோதனைக் கலத்தை விழவிடுகிறார்கள். கிடைப்பது 4.74 விநாடி. நாசாவின் கிளென் மையத்தில் உள்ள 2.2 விநாடிக் கோபுரத்தில் காற்றை எடுப்பதில்லை. சோதனையை ஒரு வெளிக்கூட்டுக்குள் வைத்து இரண்டையும் சேர்த்து விழவிடுகிறார்கள். காற்றோடு மல்லுக்கட்டுவது கூடு. உள்ளே இருப்பது நிம்மதியாக விழும்.

வெற்றிடத்துக்கு நான் எங்கே போவது? கூட்டு வழியைப் பிடித்துக்கொண்டேன். பெரிய பெட்டியின் ஓரங்களில் கற்களைக் கட்டிக் கனமாக்கினேன். போன் இருக்கும் சின்னப் பெட்டியை அதற்குள் மேல்பக்கமாகத் தொங்கவிட்டு, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். இரண்டின் நூல்களும் மேலே ஒரே இடத்தில் சேரும், ஒரே வெட்டு. வெளிப்பெட்டியைக் காற்று தாமதப்படுத்த, உள்பெட்டி அதை முந்தி இறங்கும்; 2 மீட்டருக்குள் அது சில சென்டிமீட்டர்தான் என்பதால் அடியில் முட்டுவதில்லை. இப்போது பள்ளத்தின் அடி தட்டையாக, சுழியத்தை ஒட்டியே ஓடுகிறது. மிச்சம் இருப்பது சென்சாரின் சொந்த இரைச்சல், அதாவது எண்ணில் எப்போதும் இருக்கும் சிறு நடுக்கம்.

இடையில் பழைய ஒற்றைப் பெட்டியை மேல்நோக்கி எறிந்தும் பார்த்தேன். ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என மூன்று விதமாகக் கோடு இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். காற்றின் சிறு சேட்டையைத் தள்ளிவிட்டால், கையை விட்ட நொடி முதல் பிடிக்கும் வரை ஒரே பள்ளம். உச்சி எங்கே என்று கோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எடையின்மைக்குத் திசை தேவையில்லை, தாங்குபவர் இல்லாமல் இருந்தால் போதும். பிரெமனில் 2004 முதல் கலத்தைக் கீழிருந்து மேலே எறிவதும் இதற்காகத்தான். அதே குழாயில் 9 விநாடிக்கு மேல் கிடைத்துவிடுகிறது.

விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் செய்வதும் இதுவே. அங்கே புவியீர்ப்பு ஏறக்குறைய 8.7 மீ/வி², தரையில் உள்ளதில் ஒன்பதில் எட்டுப் பங்கு. ஒரு விநாடியில் நிலையம் சுமார் 4.3 மீட்டர் புவியை நோக்கி விழுகிறது, அதற்குள் 7.66 கி.மீ. பக்கவாட்டில் ஓடிவிடுவதால், அதன் பாதையும் புவியைச் சுற்றி வளைந்துகொண்டே போகிறது.

அடுத்து, உள்பெட்டியில் கண்ணாடி ஜாடிக்குள் எரியும் மெழுகுவர்த்தியும் எதிரே ஸ்லோ மோஷன் கேமராவும். எடை இல்லாவிட்டால் சூடான காற்று மேலெழாது, சுடர் நீள வழியில்லாமல் சுருங்கி நீல உருண்டையாக வேண்டும். விநாடிக்கு 240 பிரேம் எடுத்தால் 0.64 விநாடிக்கு 150 படங்கள் தேறும். ஜாடியைப் பெட்டியில் அசையாமல் இறுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.